காலெழுத்து

வெந்நீர்ப் பை இரவில் கசிந்திருக்கிறது.
காலையில் எர்மெலிந்தா போர்வையை விலக்கி
"ஐயோ" என்ற பிறகுதான் எனக்குத் தெரியும்:
இடது பாதத்தில் கொப்புளம்,
கோழிமுட்டை அளவு.

வலிக்கவில்லை.
அதுதான் சேதி.

பதினோரு வருடம் முன்பு, கோயிம்ப்ரா மருத்துவமனையில்,
"டோமினோ" என்றார் டாக்டர்.
நான் சிரித்தேன்.
லாரி ஓட்டாத மாலையெல்லாம் காபிக்கடையில்
அதைத்தானே ஆடினேன்,
முழங்கைப் பக்கம் திராட்சைச் சக்கைச் சாராயத்தோடு.

அவர் சிரிக்கவில்லை.
மேசைமேல் விரலால் கட்டங்கள் போட்டார்.
மோட்டார் சைக்கிளில் போன ஒரு பையனின் ஈரல்
ஒரு பெண்ணுக்கு.
அந்தப் பெண்ணின் ஈரல்
உங்களுக்கு.
உங்களுடையது
வாளிக்கு.

அவள் யார் என்று சொல்லமாட்டார்கள்.
வடக்கே கடற்கரை, மீன்பிடிக்கிற குடும்பம், முப்பத்தெட்டு வயது,
ஒரு நர்ஸ் வாய்தவறிச் சொன்னது இவ்வளவுதான்.
ஒரு துளி குடித்தவளில்லை என்பதும்.

கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிற நோய் அது.
பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைக்குப்
பூவா தலையா.
அண்ணனுக்குத் தலை விழுந்ததாம்.
இவளுக்குப் பூ.

மற்றபடி அந்த ஈரல்
கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் கிளாஸ் என்றார்.
ஒரே ஒரு புரதத்தைத்தான் தப்பாகச் செய்யும்.
அது உங்களைக் கெடுக்க இருபது வருடம் ஆகலாம்.
பத்தும் ஆகலாம்.

என்னுடையதற்கு
ஆறு மாதம் சொல்லியிருந்தார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

போடும் முன் ஒன்று கேட்டேன்:
இதில் என் தப்பு எவ்வளவு?
அவர் கை கழுவப் போனார்,
தேவைக்கு மேல் கழுவினார்.
"எழுபது சதவீதம் என்றால்
நிம்மதியாக இருக்குமா?"

என்னோடு சரிக்குச் சரி குடித்தவன் ஜெர்வாசியு.
எண்பத்திரண்டு. இன்னும் குடிக்கிறான்,
சீட்டில்லாமல் பேப்பர் படிக்கிறான்,
மாடி ஏறும்போது விசிலடிக்கிறான்.
கொடுத்துவைத்தவன் என்கிறாள் எர்மெலிந்தா.
எதைக் கொடுத்தான், எங்கே வைத்தான்?
காபிக்கடையில் அவன் வைத்திருப்பது கடன்.

கொடுத்தவள் அவள்.
நான் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து சொட்டுத் தொடவில்லை.
மொந்தேகு ஆற்றோரம் விடிகாலை நடை,
தொத்திறைச்சி போடாத கீரை சூப்,
உப்புப் போத்தலை அலமாரி உச்சியில் வைத்தேன்.
சொந்த ஈரலை இப்படிப் பார்த்ததில்லை,
லாரியைப் பார்த்திருக்கிறேன்.
இரவல் பொருளாயிற்றே.

இன்று போர்ட்டோவுக்கு ரயில் ஏறினோம்.
நரம்பு டாக்டரின் வராந்தாவில்
நீளமான பெஞ்சு, வடக்கத்திப் பேச்சு.
முப்பது வயதுப் பிள்ளைகள்
இல்லாத வாசற்படியைத் தாண்டுகிறவர்கள்போலப்
பாதத்தை உயரத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள்.

தலையில் எழுதியிருக்கிறது என்பார்கள்.
எனக்குக் காலில்,
அதுவும் இன்னொரு வீட்டுக் கையெழுத்தில்.

பக்கத்தில் இருந்த அம்மாள்
என் கட்டுப்போட்ட பாதத்தைப் பார்த்தாள்.
இந்த வயதிலா வந்தது என்று வியந்தாள்.
"உங்களுக்கு யார் வழி?
அப்பாவா, அம்மாவா?"

எர்மெலிந்தா ஜன்னலைப் பார்த்தாள்.

என் அப்பா சுண்ணாம்புச் சூளைக்காரர்,
கடலையே இரண்டுமுறைதான் பார்த்தவர்.
அம்மா காசநோயில் போனாள்.
இந்தப் பெஞ்சில் இருக்கிற எவளோ ஒருத்திக்கு
அவள் சித்தியாயிருக்கலாம், மதினியாயிருக்கலாம்.
உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

"அம்மா வழி" என்றேன்.

அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்,
பங்காளிக்குக் கொடுப்பதுபோல.
குரலைத் தாழ்த்தினாள்:
"குளிக்கிற தண்ணீரைக் காலால் பார்க்காதீர்கள்.
நாங்களெல்லாம் முழங்கையால்தான் பார்ப்போம்."

சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தேன்.
நாற்பது வருடம் மேசையில் ஊன்றி ஊன்றிக்
காய்த்துப்போன தோல்.
நகத்தால் அழுத்தினேன்.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள்.